மற்றது வரட்டும்

எங்கள் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் ஏழு வருடம் வாடகைக்கு இருந்தவரிடம் எந்தச் செய்தியைக் கொண்டுபோனாலும் ஒரே பதில்தான் வரும். "ஒண்டு வந்திருக்கு. மற்றது வரட்டும்." நாளைக்குப் பனி கொட்டும் என்று வானொலி சொன்னாலும் அதுதான், அடுத்த தெருவில் இன்னார் காலமாகிவிட்டார் என்று சொன்னாலும் அதுதான். ஒரு விஷயத்தை அவர் நம்புவதற்கு இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருக்கவேண்டும்.

"கலியாணத்துக்குக்கூட எங்கட ஆக்கள் இவ்வளவு பொருத்தம் பாக்கிறேல்லை, அண்ணை" என்று என் கணவர் பகிடி பண்ணுவார்.

"அதாலைதான் தம்பி அதுகள் உவ்வளவு பிழையாய்ப் போகுது" என்பார் அவர், சிரிக்காமல்.

ஒருமுறை அவருடைய குடும்ப வைத்தியர் அவருக்குச் சீனி வருத்தம் என்று சொல்லிவிட்டார். அவர் கோபப்படவில்லை, பயப்படவும் இல்லை. அந்த அறிக்கையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேறொரு பிளாசாவில் இருந்த கிளினிக்குக்குப் போய், ஒன்றும் தெரியாதவர்போலக் கையை நீட்டி இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த கிழமை இரண்டாவது அறிக்கை வந்தது. அன்று பின்னேரமே படியேறி வந்து, ஒரு சீனிப் போத்தலையும் பாதி தின்ற மஸ்கற் இனிப்புப் பெட்டியையும் என் கையில் தந்தார். "ரெண்டும் ஒண்டாய்த்தான் இருக்கு, தங்கச்சி. இனி எனக்கு இது தேவையில்லை." அதற்குப் பிறகு அவர் என் வீட்டில் சீனி போட்ட தேத்தண்ணி குடித்ததே இல்லை. இன்றைக்கு மட்டும் என்று ஒரு பேச்சும் இருந்ததில்லை.

ஊரில் அவர் தபால் கந்தோரில் தந்தி அடித்தவர். ஸ்காபரோவில் ஒரு பாண் சுடும் பாக்ரறியில் விடிய நாலு மணி ஷிஃப்றில் தட்டு அடுக்கினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தனி ஆள். ஏன் இப்படி எல்லாவற்றுக்கும் இரண்டு கேட்கிறீர்கள் என்றால், "ஒருக்கால் ஒரு தந்தி பிழையாய்ப் போச்சு" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியாது. என் கணவர் விஸ்கி ஊற்றிக் கொடுத்தும் பார்த்தார். விஸ்கிதான் முடிந்தது.

பேஸ்மென்றில் அவரிடம் மூன்று கணினிகள் இருந்தன. இரண்டு, குப்பை எடுக்கும் நாளில் யாரோ வீதியோரத்தில் வைத்ததைத் தூக்கிவந்து திருத்தியவை. ஒன்று மட்டும் கடையில் வாங்கியது. மூன்றும் ஒரு நிமிடமும் ஓயாமல் ஓடும். அவற்றின் சூடு மேலே ஏறி என் சமையலறைத் தரை எந்தக் குளிரிலும் இளஞ்சூடாக இருக்கும். மின்சாரத்துக்கு ஹைட்ரோ பில் வரும்போது என் கணவர் முணுமுணுப்பார்; நான் வெறுங்காலுடன் நின்று தோசை சுட்டுக்கொண்டு கேளாததுபோல இருப்பேன்.

போர் உச்சத்தில் இருந்த அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர், கீழே கேட்ட இரைச்சலை விசாரித்தார். ஒரு தனி ஆள், மூன்று கணினி, இரவு பகலாய் ஓடுகிறது என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "உவர் ஆரின்ரை ஆள்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கணக்கின்ரை ஆள்" என்றேன். அவர் நம்பவில்லை. அந்தக் காலத்தில் ஒருவரும் ஒருவரையும் நம்பவில்லை.

உண்மையில் அந்தக் கணினிகள் முதன்மை எண் தேடிக்கொண்டிருந்தன. தமிழ்நாட்டார் அதைப் பகா எண் என்பார்கள். ஏழு, பதினொன்று, முப்பத்தொன்றுபோல, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மிச்சமின்றிப் பிரிக்க முடியாத எண். சின்னதாக என்றால் எல்லோருக்கும் தெரியும். இவர் தேடியது ஒரு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண். எழுதத் தொடங்கினால் எங்கள் வீட்டுச் சுவர், கூரை, வேலி எல்லாம் எழுதினாலும் இடம் போதாது. இப்படித் தேடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம், ஆளுக்கு ஒரு எண்ணைப் பங்கு போட்டுக்கொண்டு.

"கண்டுபிடிச்சால் என்ன பிரயோசனம், அண்ணை?"

"ஒண்டுமில்லை."

"பேந்தேன் தேடுறியள்?"

"அது இருக்கோ இல்லையோ எண்டு இப்ப ஒருத்தருக்கும் தெரியாது. அதாலைதான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களுக்கு அதை விளங்கப்படுத்தினார். அதைவிட நல்ல மத்தியானங்கள் உண்டு. ஆனால் அது இல்லாமல் மிச்சக் கதையைச் சொல்ல முடியாது. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்றைக் கழிக்கவேண்டும். மூன்று இரண்டுகளைப் பெருக்கினால் எட்டு. ஒன்றைக் கழித்தால் ஏழு. ஐந்து இரண்டுகள் என்றால் முப்பத்தொன்று. ஏழு இரண்டுகள் என்றால் நூற்றிருபத்தேழு. எல்லாம் முதன்மை எண்கள். பதினொரு இரண்டுகள் என்றால் இரண்டாயிரத்து நாற்பத்தேழு. இது முதன்மையா இல்லையா? அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. நாலில் தொடங்கி, அதை அதாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, 2047ஆல் பிரித்து மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும். அந்த மிச்சத்தைத் திரும்ப அதாலேயே பெருக்கி, திரும்ப இரண்டைக் கழித்து, திரும்பப் பிரித்து. இப்படி ஒன்பது தரம். கடைசி மிச்சம் சைபர் என்றால் முதன்மை. இல்லையென்றால் இல்லை.

எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு கல்குலேற்றரைத் தந்து செய்யச் சொன்னார். நான் மூக்கால் அழுதுகொண்டு செய்தேன். எனக்குக் கடைசியில் 1376 வந்தது. என் கணவரும் 1376 என்றார். இரண்டும் ஒன்று என்று நான் எழும்பப் போனேன்.

அவர் இரண்டு தாளையும் பார்த்தார். "தம்பி, நீங்கள் இவவின்ரையைப் பாத்து எழுதினனீங்கள்."

"ஆர் சொன்னது?"

"இவ கடைசியிலை ஏழையும் மூண்டையும் மாத்தி எழுதிப்போட்டா. சரியான விடை 1736. சரியான விடை ரெண்டு பேருக்கும் ஒண்டாய் வரும். பிழை அப்பிடி வராது. பிழை விடுறதிலை ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு வழி. ஒரே பிழையை ரெண்டு பேர் விட்டால், ஒருத்தர் மற்றவரைப் பாத்திருக்கிறார்."

என் கணவர் பிடிபட்டுச் சிரித்தார். பேஸ்மென்ற்காரர் அவரை வெளி அறைக்கு அனுப்பினார். என்னைச் சமையலறையில் இருத்தினார். ஒரு மணித்தியாலம் கழித்து இருவருக்கும் 1736 வந்தது. மிச்சம் சைபர் இல்லை. ஆகவே 2047 முதன்மை எண் இல்லை.

"அது இருபத்திமூண்டை எண்பத்தொன்பதாலை பெருக்கினால் வருது" என்று என் கணவர் கல்குலேற்றரில் தேடிப்பிடித்துச் சொன்னார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே."

"இது சின்னது, தம்பி, அதாலை பிடிக்கலாம். பெரிசிலை அப்பிடி இல்லை. இந்தச் சோதினை, நம்பர் உடையும் எண்டு மட்டும்தான் சொல்லும். எதாலை உடையும், எந்த இடத்திலை உடையும் எண்டு சொல்லாது. உடைஞ்சது எண்டு தெரியும், எப்பிடி எண்டு தெரியாது. அப்பிடி எத்தினையோ நம்பர் இருக்கு."

அந்தப் பேச்சை நான் அன்று பெரிதாக எடுக்கவில்லை. அடுப்பில் கத்தரிக்காய் கருகிக்கொண்டிருந்தது.

அவருடைய புதிய கணினி அந்தப் பங்குனியில் ஒரு எண்ணை எடுத்தது. நாலு கோடிக்கும் மேற்பட்ட இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தது. கணினி எழுதுகிற விதத்தில் அந்த எண் முழுக்க ஒன்றுகள்தான், நடுவில் ஒரு சைபரும் இல்லை என்றார். "வடிவான நம்பர்." அதோடு இன்னும் ஒன்றைக் கூட்டினால், காரில் 99999 கிலோமீற்றர் ஓடி முடிந்தமாதிரி எல்லாம் சைபராய் விழுந்து முன்னால் ஒரு ஒன்று வரும். ஒன்பது தரம் நாங்கள் செய்த அந்தப் பெருக்கலை அது நாலு கோடி தரத்துக்கும் மேல் செய்யவேண்டும். ஆடி மாதம் வரை எடுக்கும்.

மற்ற இரண்டு பழைய கணினிகளும் வேறு வேலை செய்தன. உலகத்தில் எங்கேயோ யாரோ முன்பு செய்து முடித்த கணக்குகளை அவை இரண்டாம் முறை செய்தன. முதல் ஆளுக்கு வந்த மிச்சத்தைக் கணினி எண்ணும் எழுத்தும் கலந்து எழுதும்; அதன் கடைசிப் பதினாறு எழுத்துகளை இரண்டாவது ஆளுக்குக் காட்டமாட்டார்கள். இரண்டாவது ஆள் தன்பாட்டில் செய்து அனுப்பியபின் ஒத்துப் பார்ப்பார்கள். ஒத்தால்தான் அந்த எண்ணின் கதை முடியும். இந்த வேலையில் ஒருவருக்கும் பெயர் கிடைக்காது. அவருக்கு அதுதான் பிடித்த வேலை.

சித்திரை, வைகாசியில் ஸ்காபரோவில் ஒருவர் வீட்டிலும் ஒழுங்காய்ச் சமையல் நடக்கவில்லை. பகலில் நகரத்துக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லி வீதியில் நின்றோம். அவரும் ஷிஃப்ற் முடிந்த கையோடு பாண் வாசத்துடன் வந்து நிற்பார். எங்கள் ஆட்களில் ஒருவர் ஒலிவாங்கியை நீட்டி, எவ்வளவு சனம் வந்திருக்கும் என்று அவரிடம் கேட்டார். பக்கத்தில் நின்றவர் இலட்சம் என்று சொல்லி முடித்திருந்தார். இவர், "நான் நிண்ட இடத்திலை எண்பத்தேழு பேர்" என்றார். ஒலிவாங்கி வேறு ஆளைத் தேடிப் போய்விட்டது.

என் தம்பி கண்ணன் வன்னியில் இருந்தான். எங்களுக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அவன் கலியாணம் கட்டவில்லை. கிளிநொச்சியில் மருந்துக்கடை வைத்திருந்தான். இடம்பெயர்ந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு தறப்பாளுக்குக் கீழே கடையைத் திரும்பவும் விரித்தான் என்று மாசியில் வந்த கடைசித் தொலைபேசியில் சொன்னான். அதற்குப் பிறகு சத்தமில்லை.

போர் முடிந்தது என்று அறிவித்து இரண்டு கிழமை. ஒரு சனிக்கிழமை காலை முகாமிலிருந்து ஒரு மனிதர் அழைத்தார். பெயர் சொன்னார்; எனக்குத் தெரியாதவர். மருந்துக்கடைக் கண்ணனின் அக்காவா என்று கேட்டார். என் இலக்கத்தைக் கண்ணன் அவரிடம் எழுதிக்கொடுத்திருந்தானாம். கடற்கரைப் பக்கம் வீதியோரத்தில் கண்ணன் கிடந்ததைக் கண்டதாகச் சொன்னார். யாரோ ஒரு சீலையால் மூடியிருந்தார்களாம். காற்றுக்கு விலகினபோதுதான் முகத்தைக் கண்டாராம். "கால் ரெண்டும் வெளியிலை கிடந்தது, பிள்ளை. ரெண்டு காலிலையும் இடக்கால் செருப்பு. ஒண்டு தோல், மற்றது நீலம்." அவர் அழுதார். பிறகு தொடர்பு அறுந்தது.

நான் போட்ட சத்தத்தில் பேஸ்மென்றிலிருந்து அவர் படியேறி ஓடிவந்தார். நான் தரையில் இருந்தேன். என் கணவர் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னவென்று நான் சொல்லத் தொடங்க, அவர் கையை உயர்த்தி மறித்தார்.

"தங்கச்சி, அந்த ஆள் கண்டதை அப்பிடியே ஒரு பேப்பரிலை எழுதுங்கோ. எழுதி மடிச்சு வையுங்கோ. சின்னச் சின்ன விஷயங்களை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. இவருக்கும் வேண்டாம். எனக்கும் வேண்டாம். வெளியிலை விட்டால் ஊரெல்லாம் சுத்தி, ஆரோ கண்டமாதிரி உங்களிட்டைத்தான் திரும்பி வரும்."

ஒரு மனிதர் அந்த நேரத்தில் பேசுகிற பேச்சா அது? அன்று அவரை எனக்குக் கொல்லவேண்டும்போல இருந்தது. ஆனால் எழுதினேன். நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில், செருப்பைப் பற்றியும் சீலையைப் பற்றியும் எழுதி, மடித்து, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

நாலு நாளில் இலண்டனிலிருந்து இன்னொரு அழைப்பு வந்தது. பிறம்ரனில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்குத்தான் வந்தது. கண்ணன் போய்விட்டான், நிச்சயமான செய்தி என்று. பெரியம்மா மகன் உடனே காரியத்தில் இறங்கினார். அந்தியேட்டிக் கிரியைக்கு நாள் வைத்தார், ஐயரைப் பிடித்தார், மண்டபம் சொன்னார். வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்து, "இப்ப ரெண்டு பேர் சொல்லிப்போட்டினம், தங்கச்சி. இனி அவன்ரை ஆத்மா சாந்தியடையிறதை நாங்கள்தான் பாக்கவேணும்" என்றார்.

வாசலில் நின்ற பேஸ்மென்ற்காரர் ஒன்று மட்டும் கேட்டார். "இலண்டன் ஆள் ஆரிட்டைக் கேட்டவர்?"

பெரியம்மா மகனுக்கு அது தெரியாது. நானே இலண்டனுக்கு எடுத்தேன். அவர் தன் மைத்துனரிடம் கேட்டதாகச் சொன்னார். அந்த மைத்துனரின் பெயரைக் கேட்டேன். முகாமிலிருந்து எனக்கு அழைத்த அதே மனிதர்.

"அப்ப ஒண்டுதான் வந்திருக்கு" என்றார் அவர்.

"உவர் ஆர் எங்கடை வீட்டுச் சாவைத் தீர்மானிக்க?" என்று பெரியம்மா மகன் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நான் தீர்மானிக்கேல்லை, அண்ணை" என்றார் பேஸ்மென்ற்காரர். "நீங்கள் செய்யுங்கோ. ஆனால் அந்தச் சோறு நான் தின்னமாட்டன். மற்றது வரட்டும். வந்தால், எங்கை இருந்தாலும் வந்து இருந்து சாப்பிடுறன்."

நான் அந்தியேட்டியை நிறுத்தினேன். எனக்குக் கணக்கு விளங்கி நிறுத்தவில்லை. என் தம்பி உயிரோடு இருப்பதற்கு எனக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. அவர் அதைக் கொண்டுவந்து கையில் தந்தார். பெரியம்மா மகன் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. ஆத்மாவை அலைய விட்டவள் என்று சொந்தத்துக்குள் எனக்குப் பெயர் வந்தது.

ஆடி மாதம் அவருடைய எண் முடிந்தது. மேலே வந்து சொன்னார். கடைசி மிச்சம் சைபர் இல்லை.

"அப்ப அது முதன்மை இல்லைத்தானே" என்றேன். எனக்கு அதில் ஒரு குரூரமான சந்தோஷம்.

"ஒண்டு வந்திருக்கு. மற்றது வரட்டும்."

"மற்றது எப்ப வரும்?"

"இப்ப கியூ நீளம். ஏழெட்டு வருசம் செல்லும்."

"வந்து, ரெண்டும் பொருந்தாட்டில்?"

"பொருந்தாட்டில் மூண்டாவது ஆள் செய்யவேணும். அதுவரைக்கும் இடமிருக்கு" என்றார். தனக்கு வந்த பதினாறு எழுத்துகளை ஒரு துண்டில் எழுதி, தன் மேசை லாச்சியில் வைத்திருந்தார்.

நான் முகாம்களின் பட்டியல்களைத் தேடினேன். விடுவிக்கப்பட்டவர்களின் படங்களில் ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தேன். அடுத்த வருட நினைவு நாளில் மற்றவர்கள் தங்கள் ஆட்களுக்கு விளக்கு வைத்தார்கள். நான் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வைப்பதா விடுவதா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உடுப்புத் தோய்க்கக் கீழே இறங்கினேன். அவர் அங்கே நின்றார். ஒரு வருடமாய் வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"உங்கடை கணக்காலை நான் அழக்கூட ஏலாமல் இருக்கிறன், அண்ணை. மற்றச் சனமெல்லாம் அழுது முடிச்சு இப்ப சாப்பிடுதுகள். நான் மட்டும் நடுவிலை நிக்கிறன்."

அவர் தோய்த்த சட்டையைப் பிழிந்தபடி நின்றார். "அழுறதுக்கு ரெண்டு வேண்டாம், தங்கச்சி. ஒண்டும் வேண்டாம். நீங்கள் அழலாம்." கொஞ்சம் பொறுத்து, "ஆள் செத்திட்டார் எண்டு தந்தி வந்து, அழுது, மொட்டையும் அடிச்ச வீட்டுக்கு, எட்டாம் நாள் அந்த ஆள் பஸ்ஸிலை வந்து இறங்கினவர். நான் அடிச்ச தந்தி. அந்த ஆளின்ரை தாய் அதுக்கிடையிலை கிணத்திலை விழுந்திட்டா" என்றார்.

அதைக் கேட்டு நான் இரங்கினேன் என்று சொன்னால் பொய். அவருடைய பிழைக்கு நான் தண்டம் கட்டுகிறேன் என்றுதான் அன்று நினைத்தேன். மாதக்கணக்கில் அவருடன் கதைக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, நான் வேலைக்குப் புறப்படுமுன் என் கார் நிற்கும் இடத்துப் பனியை யாரோ தள்ளி வைத்திருந்தார்கள். அதற்கு இரண்டாவது சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

பாண் பாக்ரறி ஒஷாவாவுக்கு மாறியபோது அவரும் அங்கே போய்விட்டார். கணினிகளைத் தூக்கிய அன்று இரவே என் சமையலறைத் தரை குளிர்ந்துவிட்டது. சப்பாத்துப் போட்டுக்கொண்டு சமைக்கப் பழகினேன். வருடத்தில் ஒருமுறை, தைப்பொங்கலுக்கு, தொலைபேசியில் கதைப்போம். அவர் கண்ணனைப் பற்றிக் கேட்கமாட்டார். நானும் சொல்லமாட்டேன்.

நான் ஸ்காபரோவில் ஒரு பிளாசா மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். போர் முடிந்து ஒன்பது வருடம் ஆன ஒரு செவ்வாய்க்கிழமை. மகள் கூப்பிட்டு ஊரிலிருந்து அண்மையில் வந்திருந்த ஓர் அம்மா, பிரஷர் குளிசைக்குக் காத்துக்கொண்டிருந்தார். கடையில் வேறு சனம் இல்லை. நான் குளிசை எண்ணுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தவர், தன்பாட்டில் பேசத் தொடங்கினார்.

"எங்களுக்கும் கடைசி நேரம் ஒரு மருந்துக்கடைத் தம்பி இருந்தவர், பிள்ளை. தறப்பாளுக்குக் கீழை. காசில்லாட்டிலும் குளிசை தருவார். கண்ணன் எண்டு சொல்லுவினம்."

எண்ணிய குளிசைகளை அப்படியே விட்டுவிட்டேன். ஒன்றும் கேட்கக்கூடாது என்று மனதுக்குள் ஒரு குரல் சொன்னது. அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும். "பேந்து?" என்று மட்டும் சொன்னேன்.

"பேந்தென்ன. கடைசிக்கு முதல் நாள் றோட்டிலை கிடந்தார். நான்தான் என்ரை மாத்துச் சீலையாலை மூடினனான். சீலை நீளம் காணேல்லை. நாங்கள் அதைக் கிழிச்சுக் கிழிச்சுக் காயத்துக்குக் கட்டினது. முகத்தை மூடினால் கால் தெரிஞ்சுது. இண்டைக்கும் என்ரை கண்ணுக்கை நிக்கிறது அந்தக் கால்தான். ரெண்டும் இடக்கால் செருப்பு, பிள்ளை. ஒண்டு நீலம். பாவம், எந்தப் பங்கருக்கை மாறிப் போட்டுக்கொண்டு ஓடினதோ."

முகாமிலிருந்து அழைத்த மனிதரின் பெயரைச் சொல்லி, தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். எனக்கு முன்னால் யாரிடமாவது இதைச் சொன்னாரா என்று கேட்டேன். மகளிடம்கூடச் சொல்லவில்லை, மருந்துக்கடையைக் கண்டதும் வாயில் வந்துவிட்டது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீங்கள் ஆர், பிள்ளை?"

"அக்கா" என்றேன். அவர் எழுந்து, மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஒஷாவாவுக்கு எடுத்தேன். "மற்றது வந்திட்டுது, அண்ணை" என்றேன்.

அவருக்குப் பின்னால் கணினிகளின் இரைச்சல் கேட்டது.

"நீங்கள் முதல் சொன்னனீங்களோ, அவை முதல் சொன்னவையோ?"

"அவதான் முதல் சொன்னவ. நான் ஒண்டும் சொல்லேல்லை."

"ஒண்டாய் இருந்ததோ?"

"ஓம்."

"எண்டைக்குச் செய்யிறியள்?" என்றார். "நான் வாறன்."

ஒன்பது வருடம் பிந்திய அந்தியேட்டியை எங்கள் வீட்டு பேஸ்மென்றிலேயே செய்தோம். பெரியம்மா மகன் பிறம்ரனிலிருந்து வந்து, ஒரு சொல் குறை சொல்லாமல், கண்ணனுக்குச் செய்யவேண்டியதைச் செய்தார். சீலையால் கண்ணனை மூடிய அம்மாவும் மகளுடன் வந்திருந்தார். பேஸ்மென்ற்காரர் ஒஷாவாவிலிருந்து இரண்டு பஸ் மாறி, காலையிலேயே வந்து, ஒரு மூலையில் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. பெரியம்மா மகன் அவரைக் கண்டு, "இருங்கோ, சாப்பிடுவம்" என்றார். அவர் முன்பு தன் கணினி மேசை இருந்த இடத்தில் இருந்து, போட்டதெல்லாவற்றையும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

எல்லோரும் போனபின் அந்த மடித்த நாட்காட்டித் தாளை அவரிடம் நீட்டினேன். "பாருங்கோ, அண்ணை."

"எனக்கெதுக்கு. நீங்கள் பாத்தாச்சுத்தானே." அவர் அதை வாங்கவில்லை.

என்ன பேசுவதென்று தெரியாமல், "உங்கடை அந்த நம்பர்?" என்று கேட்டேன்.

"அது போன வருசமே வந்திட்டுது. பின்லாந்திலை ஆரோ ஒரு ஆள் செய்தவர். பதினாறு எழுத்தும் பொருந்தீட்டுது. முதன்மை இல்லை." கையைத் துடைத்த கடதாசியைச் சின்னதாய் மடித்துக்கொண்டே இருந்தார். "நம்பர் போகட்டும், தங்கச்சி. இது பொருந்தக்கூடாது எண்டுதான் நான் ஒன்பது வருசமும் இருந்தனான். உங்களுக்குச் சொல்ல ஏலேல்லை. மற்ற ஆள் வந்து வேறை விதமாய்ச் சொல்லவேணும், நான் பிழையாய்ப் போகவேணும் எண்டுதான் ஒவ்வொரு நாளும் நினைச்சனான்."

அவர் அழுததை நான் அன்றுதான் கண்டேன். அழட்டும் என்று விட்டுவிட்டு மேலே போய், சீனி போடாத தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டு வந்தேன்.